பெட்டிக்குள் ஒரு ரீங்காரம்

ஒரு காலத்தில் பிரயாணம் என்றால் கூஜா, ஹோல்டால், தயிர் சாத மூட்டை ஆகிய மூன்றும் போதும். காசி வரைக்கும் சௌக்கியமாகப் போய் வந்து விடலாம். கூஜா சற்றுத் தண்ணீர் சிந்தும். தயிர் சாதம் கொஞ்சம் புளிக்கும். அதற்கு மேல் அவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்தது கிடையாது.

இன்றைக்கு லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க மீனம்பாக்கத்தில் ஆகாய விமானம் ஏறப் போகும் ஒரு தாயாரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டுப் புடவைக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவில் என்னவெல்லாம் இருக்கின்றன! தானே சுழன்று பல் துலக்கும் மின்சாரப் பிரஷ். மாப்பிள்ளைக்கு வாங்கிய டிரிம்மர். முகத்து ரோமத்தை நீக்கும் எபிலேட்டர். கழுத்து வலிக்கு மஸாஜ் யந்திரம். பேத்தி கேட்டாளே என்று வாங்கிய, வயர் இல்லாமல் கூந்தலைச் சுருட்டும் கருவி. இத்தனை பேருக்கும் பசி எடுத்தால் சோறு போட ஒரு பவர் பாங்க்!

இவை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? தாராளமாகக் கொண்டு போகட்டும். ஆனால் எதை எங்கே வைப்பது? பெட்டியில் எந்த மூலையில் இடம் இருக்கிறதோ அங்கே திணிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இந்தச் சாமான்களிடம் மட்டும் அந்த வழக்கம் செல்லாது. ஏனென்றால் இவற்றின் வயிற்றுக்குள்ளே இருப்பது லிதியம் பாட்டரி.

இந்தப் பாட்டரி 1991-ல் கடைக்கு வந்தது. இதை உருவாக்க உழைத்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. உருவத்தில் சிறிது, சக்தியில் பெரிது. அதன் உள்ளே இரண்டு மின் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு விடாதபடி, அப்பளத்தை விட மெல்லிய ஒரு திரை நடுவில் இருக்கிறது. பாட்டரி நசுங்கினாலோ, அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, செய்யும்போதே குறை இருந்தாலோ அந்தத் திரை கிழிந்து விடும். பிறகு சூடு இன்னும் சூட்டை உண்டாக்கிக் கொண்டே போகும். புகை வரும், நெருப்பும் வரும். பக்கத்தில் வேறு பாட்டரி இருந்தால் அதற்கும் தொற்றிக் கொள்ளும்.

இதற்காக நடுங்க வேண்டியதில்லை. தினந்தோறும் லட்சக்கணக்கான பேர் இவற்றை வைத்துக் கொண்டு பத்திரமாகப் பறக்கிறார்கள். எப்போதோ ஒரு தடவைதான் இப்படி நடக்கிறது. ஆனால் அந்த ஒரு தடவை எங்கே நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நடந்தால் யாராவது பார்ப்பார்கள். விமானச் சிப்பந்திகள் ஓடி வருவார்கள். தீயை அணைத்து, தண்ணீர் ஊற்றிப் பாட்டரியைக் குளிர வைப்பார்கள். அதற்கென்றே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது. ஆனால் நம் காலடிக்குக் கீழே, பெரிய பெட்டிகள் அடுக்கிய அறையில் நடந்தால்? அங்கே மனிதன் போக முடியாது. தீயை அடக்கும் வாயு ஒன்று அங்கே உண்டு. சாதாரண நெருப்பை அது அடக்கி விடும். தனக்குத் தானே சூடேறிக் கொண்டிருக்கும் பாட்டரியிடம் அதன் அதிகாரம் முழுவதும் செல்லுவதில்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2017-ல் வெளிவந்த அந்த விவரம் நம் பெண்மணிகள் அவசியம் அறிய வேண்டியது. ஒரு பெட்டிக்குள் மடிக் கணினியை வைத்து, அதன் பாட்டரியை வேண்டுமென்றே சூடேற்றினார்கள். கூடவே வைத்தது வெடிமருந்து அல்ல. தலைமுடிக்கு அடிக்கும் உலர் ஷாம்பு டப்பா ஒன்று! உடனே தீப் பிடித்தது. நாற்பது விநாடிக்குள் டப்பா வெடித்து விட்டது. நகச் சாயத்தை அழிக்கும் திரவம், கை கழுவும் ஸானிடைஸர் ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனைகளில் வெடிக்கவில்லை என்றாலும் பெரும் தீ எழும்பியது. நாம் அலங்காரச் சாமான் என்று ஒரே பையில் போட்டு வைக்கிறோமே, அதே ஜோடிகள்தான்!

சோதனை சாலையோடு இது நிற்கவில்லை. 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி, துபாயிலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானத்தில் தீப் பிடித்தது. சரக்கில் ஏராளமான லிதியம் பாட்டரிகள் இருந்தன. விமானம் விழுந்து விமானிகள் இருவரும் மாண்டார்கள். 2016 ஏப்ரல் முதல், பிரயாணிகள் செல்லும் விமானத்தில் லிதியம்-அயான் பாட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றக் கூடாது என்று உலகம் முழுவதற்கும் விதி வந்து விட்டது.

ஆகவே, ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள்: பாட்டரி மனிதர் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

பவர் பாங்க், மாற்றுப் பாட்டரி இவற்றைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. கைப் பையில்தான் வைக்க வேண்டும். மாற்றுப் பாட்டரியின் முனைகள் சாவிக் கொத்திலோ சில்லறைக் காசிலோ படாமல் தனித் தனி உறையில் போடுங்கள். அல்லது முனையின் மேல் டேப் ஒட்டி விடுங்கள். கருவிக்குள்ளேயே பாட்டரி பொருந்தியிருக்கும் பிரஷ், டிரிம்மர், எபிலேட்டர் ஆகியவையும் கைப் பையில் இருப்பதே உத்தமம். அவற்றைப் பெரிய பெட்டியில் வைப்பதைப் பெரும்பாலான கம்பெனிகள் தடுப்பதில்லை. ஆனால் முழுவதும் அணைத்திருக்க வேண்டும். தற்செயலாக ஓடத் தொடங்காதபடி பந்தோபஸ்தும் செய்திருக்க வேண்டும்.

'அணைத்துத்தானே வைத்தேன்!' என்பீர்கள். புடவை அடுக்கின் பாரம் பொத்தானை அமுக்கினால் அது விழித்துக் கொள்ளுமே! விமான நிலையத்தில் ஒரு பெட்டி தானாக 'கொர்'ரென்று ரீங்காரம் செய்தால் சிப்பந்திகள் அதைத் தேனீக் கூடு என்று எண்ணிச் சும்மா இருக்க மாட்டார்கள். பெட்டியைத் தனியே எடுத்து வைத்து, சொந்தக்காரரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே டிரிம்மர் தன்பாட்டுக்கு ஓடிக் கொண்டிருக்கும்! இதைத் தவிர்ப்பது சுலபம். பல டிரிம்மர்களில் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பூட்டு விழுந்து விடும். பூட்டு இல்லாவிட்டால் கெட்டியான டப்பாவுக்குள் போடுங்கள். பிரஷ்ஷின் தலையைக் கழற்றித் தனியே வையுங்கள்.

சூடேறும் சாமான்களின் கதை வேறு. வயர் இல்லாமல் கூந்தலை நேராக்கும், சுருட்டும் கருவிகள் இருக்கின்றனவே, அவை பெட்டிக்குள் விழித்துக் கொண்டால் ரீங்காரம் செய்யாது. நேரே சுட்டு விடும். அமெரிக்காவில் அவற்றைப் பெரிய பெட்டியில் போட அனுமதியே இல்லை. மூடி போட்டுக் கையில்தான் கொண்டு போகலாம். பாட்டரியைக் கழற்ற முடியாத கருவிகளை அடியோடு மறுக்கும் விமானக் கம்பெனிகளும் உண்டு. டிக்கெட் வாங்கிய கம்பெனியைக் கேட்காமல் இதை மட்டும் எடுத்துக் கொண்டு கிளம்பாதீர்கள். வயர் போட்டு வேலை செய்யும் பழைய மாதிரிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது.

'எவ்வளவு பெரிய பாட்டரி வரை கொண்டு போகலாம்?' என்று கேட்கிறீர்களா? நூறு வாட் அவர் வரைக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நூறிலிருந்து நூற்று அறுபது வரை விமானக் கம்பெனியாரின் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. பவர் பாங்கின் முதுகில் எம்.ஏ.ஹெச். கணக்குத்தான் பெரிதாகப் போட்டிருக்கும். அதை ஆயிரத்தால் வகுத்து, 3.7-ஆல் பெருக்கினால் வாட் அவர் வந்து விடும். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. இரண்டும் தாராளமாகப் போகலாம். டிரிம்மரும் பிரஷ்ஷும் பெரும்பாலும் பத்தைக் கூட எட்டாது. எழுத்து தேய்ந்து போன பவர் பாங்க் மட்டும் வேண்டாம். படிக்க முடியாததைப் பரிசோதகர்கள் மறுத்து விடலாம்.

இனி, சற்று மனம் விட்டுப் பேச வேண்டிய ஒரு விஷயம். நம் பெண்கள் இவற்றைப் பெரிய பெட்டியின் அடியில் புடவைக்குள் சுருட்டி ஒளித்து வைப்பது ஞாபகக் குறைவினால் அல்ல, கூச்சத்தினால். முகத்து ரோமம் நீக்கும் கருவியையும், தாய்ப்பால் எடுக்கும் பம்பையும் ஊரார் பார்க்க ஒரு தட்டில் பரப்புவதா என்ற தயக்கம். நியாயமான தயக்கந்தான். ஆனால் கூச்சம் காட்டுகிற மூலை எதுவோ, அதுவே அபாயமான மூலையாகவும் இருக்கிறது!

பரிசோதனைத் தட்டுகளின் முன்னால் நிற்கும் சிப்பந்திகள் ஒரு நாளைக்கு எத்தனை டிரிம்மர், எத்தனை பம்பு பார்க்கிறார்கள்! அவர்களுக்கு அவை கத்தரிக்காய், வெண்டைக்காய் மாதிரி. பெண்களைச் சோதிப்பதற்குப் பெண் காவலரும் திரை போட்ட மறைவிடமும் உண்டு. 'இதைத் தனியாகப் பாருங்கள்' என்று கேட்பதில் தவறே இல்லை. பிள்ளை பெற்றுத் திரும்பும் பெண் பம்பைக் கையிலேயே கொண்டு வருவதுதான் சரி. வழியில் அவளுக்குத் தேவைப்படப் போவதும் அதுதானே? தலை நிமிர்ந்து தட்டில் வையுங்கள். கூடப் போகும் ஆண்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்துக் கொண்டு நின்றால் குடி முழுகி விடாது.

பல்லிடுக்கில் நீர் பாய்ச்சும் கருவி இருந்தால் தண்ணீரைக் கொட்டி விடுங்கள். மீனம்பாக்கத்தில் வெளிநாட்டு விமானம் ஏறுகிறவர்கள் கையில் கொண்டு போகும் பற்பசை, களிம்பு, எண்ணெய் எல்லாம் ஒவ்வொன்றும் நூறு மில்லி கொள்ளும் பாத்திரத்துக்கு மேற்படக் கூடாது. தனி பிளேடு கைப் பையில் வேண்டாம்.

இந்த இடத்தில் நம் பாட்டிமாரின் ஞாபகம் வருகிறது. வீடு முழுக்கப் பெட்டியும் பீரோவும் இருந்தாலும், முக்கியமானதை அவர்கள் இடுப்புச் சுருக்குப் பையில்தான் முடிந்து வைத்தார்கள். நீங்களும் ஒரு சிறிய துணிப் பை தைத்து, பாட்டரி உள்ளவை எல்லாவற்றையும் அதில் போட்டு, கைப் பையின் மேல் பக்கம் வைத்து விடுங்கள். இதில் இன்னொரு லாபம் உண்டு. சில சமயம் விமானம் நிறைந்து விட்டால், வாசலில் நிற்கும் சிப்பந்தி, 'மேலே இடமில்லை, கொடுங்கள் அம்மா, கீழே போட்டு விடுகிறோம்' என்று நம் கைப் பையையே வாங்கிக் கொள்வார். அவசரத்தில் பலர் பவர் பாங்கோடு கொடுத்து விடுவார்கள். சுருக்குப் பை இருந்தால் உருவி எடுத்துக் கொண்டு, மீதியைக் கொடுத்து விடலாம்.

விமானத்துக்குள் போன பிறகு அந்தச் சிறு பையைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்காமல் காலடியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். 2025 ஜனவரி 28-ஆம் தேதி இரவு, தென் கொரியாவின் பூசான் நகரில், புறப்பட நின்ற ஒரு விமானத்தில் தீ மூண்டு கூரை கருகியது. நல்ல வேளையாக 176 பேரும் உயிர் தப்பினார்கள். பவர் பாங்க் ஒன்று காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். அதற்குப் பிறகு அந்நாட்டு விமானங்களில் பவர் பாங்கை மேல் தட்டில் வைக்கக் கூடாதென்று விதி செய்தார்கள். வானத்தில் அதைக் கொண்டு சார்ஜ் செய்யவே கூடாதென்று சொல்லும் கம்பெனிகளும் பல.

ஏதாவது கருவி கையைச் சுடுகிறதா, உப்புகிறதா, விசித்திர வாசனை வருகிறதா? 'யாராவது ஏதாவது சொல்லுவார்களோ' என்று மடியில் மூடி வைக்காமல் உடனே சிப்பந்தியைக் கூப்பிடுங்கள். ஆசன இடுக்கில் ஏதேனும் விழுந்து விட்டால் நாற்காலியை முன்னும் பின்னும் அசைக்காதீர்கள். பாட்டரி நசுங்கிப் போகும். அப்போதும் கூப்பிடுவதுதான் வழி.

லண்டனில் மகள் வீடு சேர்ந்தாயிற்று. குளியலறையில் நம் ஊர் மாதிரி பிளக் போடும் இடத்தைத் தேட வேண்டாம். அங்கே வைக்க மாட்டார்கள். 'ரேஸருக்கு மட்டும்' என்று ஒரு இரண்டு துளைப் பெட்டி சில வீடுகளில் இருக்கும். சிறு சார்ஜருக்கு மேல் அது தாங்காது. அறையில் இருப்பது பட்டையான மூன்று கால் பிளக். அதற்கு ஒரு மாற்றுப் பிளக் இங்கேயே வாங்கிப் போய் விடுங்கள். மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட்தான். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. சார்ஜரின் மேல் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டிலும் கவலையில்லை.

திரும்பி வரும்போதும் இதே சட்டந்தான். 'பழசாயிற்று, அம்மாவுக்கு ஆகும்' என்று மகள் கொடுக்கும் டிரிம்மரைத் தடவிப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் அன்பை மட்டும் வாங்கிக் கொண்டு அதை அங்கேயே விட்டு விடுங்கள். கருவி போனால் இன்னொன்று வாங்கலாம். விமானத்தில் நம்மோடு முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் எதிர்பார்த்து ஏதோ ஒரு வீட்டு வாசலில் விளக்கு எரிந்து கொண்டிருக்கிறது.

பருப்புப் பொடி பெரிய பெட்டியில் போகட்டும். பாட்டரி உங்கள் கையோடு வரட்டும். சௌக்கியமாகப் போய் வாருங்கள்!