ஏழு கிலோ பை: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது? (த்ரெட்)

1/
ஊர் சுத்திட்டு வந்து ரெண்டு வாரத்துல தொடை இடுக்குல அரிப்புன்னு வர்றவங்களை ஓபியில நிறையப் பார்க்கிறோம். கேட்டா, "ஒரே ஒரு கைப்பைதான் டாக்டர், துணி கம்மியா எடுத்துட்டுப் போனோம்"ம்பாங்க. கம்மியா எடுத்தது தப்பே இல்ல. எந்தத் துணியைக் கம்மி பண்ணாங்கங்கறதுதான் விஷயம்.

2/
முதல்ல கணக்கு. நம்மூர் உள்நாட்டு விமானங்கள்ல எகானமி டிக்கெட்டுக்குக் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. லாஸ்பேட்டையில இருந்து பெங்களூரு, ஹைதராபாத் போறது ஏடிஆர் ரக சின்ன விமானம். தலைக்கு மேல இருக்கற தட்டும் சின்னதுதான். பெரிய டிராலியைவிட வளைஞ்சு கொடுக்கற துணிப்பை சுலபமா உள்ள போகும்.

3/
சக்கரம் வச்ச டிராலி காலியாவே ரெண்டரை கிலோ இருக்கும். லேப்டாப், சார்ஜர் ரெண்டு கிலோ. மிச்சம் ரெண்டரை கிலோதான் துணிக்கு. ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம். ரெண்டு ஜீன்ஸ் வச்சா பாதிக்கு மேல போச்சு. தோள்ல மாட்டற பை முக்கால், ஒரு கிலோவுல கிடைக்குது. பையை மாத்தினாலே ஒன்றரை கிலோ லாபம்.

4/
"துணியை மடிக்காம சுருட்டி வச்சா நிறைய வைக்கலாமே?" இடம் மிச்சமாகும், சுருக்கம் குறையும், சரி. ஆனா தராசுக்குச் சுருட்டினதும் தெரியாது, மடிச்சதும் தெரியாது. எடைதான் பிரச்சினைன்னா ஒரே வழி, எடை குறைஞ்ச துணி.

5/
அதுக்கு நம்ம வீட்டு அலமாரியே போதும். டர்க்கி டவல் அரை கிலோ. ஈரிழைத் துண்டு அதுல பாதிகூட வராது, ஃபேன் காத்துலயே சீக்கிரம் காஞ்சிடும். ஒரு கைலி, ராத்திரி உடுத்த, ரயில்ல போர்த்த, உடை மாத்த மறைப்பா, எல்லாத்துக்கும் ஆகும். ஜீன்ஸ் ஒண்ணு போதும், அதையும் போட்டுட்டே ஏறுங்க. ஷூவும் அப்படித்தான். பையில செருப்பு மட்டும்.

6/
நாலு நாள் பயணத்துக்கு என் கணக்கு: போட்டிருக்கறது போக மேல்சட்டை 2, கால்சட்டை அல்லது சுடிதார் பேன்ட் 1, கைலி அல்லது நைட்டி 1, துண்டு 2. உள்ளாடை மட்டும் 5, போட்டிருக்கறதைச் சேர்க்காம. காலுறை போடறவங்க அதையும் நாளுக்கு ஒண்ணு. சட்டையை ரெண்டு நாள் போடலாம், ஒண்ணும் ஆகாது. உள்ளாடையில அந்தப் பேச்சே வேண்டாம்.

7/
ஏன் இவ்வளவு கண்டிப்பு? படர்தாமரைப் பூஞ்சைக்கு வேண்டியது சூடு, ஈரம், உரசல். மூணும் ஒண்ணா கிடைக்கற இடம் தொடை இடுக்கு. பாண்டிச்சேரி மாதிரி கடலோர ஊர்ல ராத்திரி துவைச்சது காலையில காஞ்ச மாதிரி இருக்கும், இடுப்புப் பட்டியில ஈரம் அப்படியே நிக்கும். "உடம்புச் சூட்டுல காஞ்சிடும்"னு மாட்டிட்டுப் போறோம் பாருங்க, அங்கதான் ஆரம்பம்.

8/
இத்தனைக்கும் எல்லா உள்ளாடையும் சேர்த்து ஒரு ஜீன்ஸ் எடை வராது. பையில இருக்கறதுலயே லேசான பொருள். அதைக் குறைச்சு மிச்சமாகறது 100, 200 கிராம். அதுக்கு விலை, வாரக்கணக்குல மருந்து.

9/
வாரக்கணக்குன்னு சும்மா சொல்லல. இந்தியாவுல கடந்த பத்துப் பதினஞ்சு வருஷமா படர்தாமரை முரண்டு பிடிக்குது. வழக்கமான டெர்பினஃபின் மாத்திரைக்கே அடங்காத ஒரு பூஞ்சை இனம் பரவியிருக்கு. 2020-ல அதுக்கு வச்ச பேர்லயே இந்தியா இருக்கு: ட்ரைகோஃபைட்டான் இந்தோட்டினியே. பெருமைப்படற விஷயம் இல்ல.

10/
கடையில நீங்களா கேட்டு வாங்கற கலவை க்ரீம் பலதுல ஸ்டீராய்டு இருக்கு. ரெண்டு நாள்ல அரிப்பும் சிவப்பும் அடங்கும், ஆனா உள்ள பூஞ்சை ஜாலியா பரவும். தோலும் மெலிஞ்சு கோடு விழும். தயவுசெஞ்சு பயணப் பையில அந்த ட்யூபை வைக்காதீங்க.

11/
வழியில துவைக்கணும்னா ஒரு வழி: பிழிஞ்ச துணியை உலர்ந்த துண்டுக்குள்ள வச்சுச் சுருட்டி நல்லா முறுக்குங்க. துண்டு பாதி ஈரத்தை இழுத்துக்கும். பாத்ரூம்ல தொங்கவிடாம ஃபேனுக்குக் கீழ போடுங்க. காலையில பட்டியைக் கன்னத்துல வச்சுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா இன்னும் காயல. முறுக்கின துண்டையும் காய வைங்க. துண்டை யாரோடயும் பங்கு போடாதீங்க, கட்டின புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும்.

12/
இன்னொண்ணு, மாத்திரை. துணிக்கு இடமில்லன்னு மருந்தைப் பெரிய பெட்டியில போட்டு செக்-இன் பண்றவங்க இருக்காங்க. பெட்டி வேற ஊருக்குப் போயிட்டா பிரஷர் மாத்திரைக்கு எங்க போவீங்க? இன்சுலினைக் கண்டிப்பா கைப்பையிலதான் வைக்கணும். சரக்கறையில குளிர் அதிகமாகி உறைஞ்சா அதைப் பயன்படுத்தவே கூடாது. உருகினாலும் வீண்தான். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

13/
நம்மூர் சொல்தா வீடுகள்ல பாரிஸ்ல இருக்கற பிள்ளைங்களைப் பார்க்கக் கிளம்பற பெரியவங்களுக்கு: ஏர் பிரான்ஸ் எகானமியில கைப்பை, தோள்பை ரெண்டும் சேர்த்து 12 கிலோ. டிக்கெட்டுல ஒரு தடவை சரிபாருங்க. குளிருக்குத் தடிமனா ரெண்டு ஸ்வெட்டர் வேண்டாம். உடம்போட ஒட்டின மெல்லிய உள்சட்டை, மேல கம்பளி, அதுக்கு மேல காத்து புகாத கோட்டு. கோட்டைக் கையில வச்சுக்கிட்டே ஏறிடலாம். ஊறுகாயைப் பிள்ளைங்க கேட்கத்தான் செய்வாங்க. கைப்பையில 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க.

14/
சுருக்கமா: பையை மாத்துங்க, ஜீன்ஸைக் குறைங்க, டவலுக்குப் பதிலா துண்டு. உள்ளாடையையும் மருந்தையும் முதல்ல எடுத்து வச்சுட்டு, மிச்ச இடத்துல மத்த துணி. போட்டோவுல ஒரே சட்டை ரெண்டு நாள் வந்தா வரட்டும். அரிப்பு வந்தா கடை க்ரீம் வேண்டாம், பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஓபிக்கு வாங்க. இதைச் சொல்ல கூச்சமே தேவையில்ல. நாங்க தினமும் பார்க்கறதுதான்.