ஊசி ஒன்று, உடம்பு பல

பிள்ளைகளே, காஞ்சிபுரம் பக்கத்து நம் ஓரிக்கைக்காரர்களுக்கு இரைப்பு புதிதல்ல. சிலருக்கு மழைக்காலத்து ஈரமும் பழைய மெத்தைத் தூசும் போதும், நெஞ்சு இழுக்கும். வேறு சிலரோ பாலாற்றுப் படுகையில் சீமைக் கருவேலம் பூத்தால் தும்மத் தொடங்குவார்கள். எல்லாருக்கும் பெயர் ஒன்றுதான், ஆஸ்துமா. நோய் ஒன்றா என்பதுதான் கேள்வி.

எங்கள் தெருவில் பள்ளி முடிக்கும் வயதுப் பையன் ஒருவன் ஒவ்வாமை ஊசி போட்டுத் தேறினான். அதைப் பார்த்து, தறியில் முப்பது வருஷம் உட்கார்ந்த ஒருவர் அதே மருத்துவரிடம் போனார். அவர் இவருக்கு ஊசி போட மறுத்துவிட்டார். “நெசவாளிதானே, பணம் தரமாட்டான் என்று நினைத்துவிட்டார்” என்று இவர் வருந்தினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசி போட்டு அனுப்புவது எளிது. மறுத்துக் காரணம் சொல்லத்தான் மருத்துவருக்குத் துணிவு வேண்டும்.

காரணம் இதுதான். பையனுக்குத் தோலில் குத்திப் பார்த்ததில், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்றுதான் பகை என்று தெரிந்தது. இரைப்பு வந்து சில வருஷமே ஆகியிருந்தது; அதற்கு முன்பே மூக்கடைப்பும் தும்மலும் உண்டு. இன்ஹேலரால் நோய் கட்டுக்குள் இருந்தது. பெரியவருக்கு இரைப்பு வந்ததே நாற்பத்தைந்துக்கு மேல். அந்த வயதில் புதிதாக வருவதில் ஒவ்வாமையே இல்லாத ஆஸ்துமாவும் நிறைய. ஊதிப் பார்க்கும் சோதனையில் அவர் மூச்சு, இருக்கவேண்டிய அளவில் 70 சதவீதத்தைத் தொடவில்லை. போதாக்குறைக்கு, ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் மாத்திரை. ஊசியால் உடம்பு திடீரென்று எதிர்த்தால், உயிர் காக்கப் போடும் அட்ரினலின் அந்த மாத்திரையால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பிசின் போகாத பட்டு நூலைச் சாயத் தொட்டியில் முக்கினால் நிறம் சீராக ஏறாது. தொட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்த ஒவ்வாமை ஊசிச் சிகிச்சை நூறாண்டைத் தாண்டியது. 1911இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்பவர் புல்லின் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றிப் பார்த்தார். இரண்டே வருஷத்தில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. நண்பர் ஜான் ஃப்ரீமன் வேலையைத் தொடர்ந்தார். 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை இதைச் சிகிச்சைத் தடுப்பூசி என்றே அழைத்தது. எதை உடம்பு பகையாக நினைக்கிறதோ, அதையே சிறு அளவில் கொடுத்துப் பழக்குவதுதான் இதன் வேலை. பகை எதுவென்று தெரியாமல் போட்டால் வீண். அதனால்தான் ஒன்றிரண்டு பொருளுக்கு மட்டும் ஒவ்வாதவர்களுக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. பத்துப் பொருளுக்குத் தோல் தடித்தவரிடம், அவற்றில் எது உண்மையில் இரைப்பைக் கிளப்புகிறது என்று முதலில் தேடவேண்டும்.

ஆளைப் பொறுத்துத் தடுப்பூசியின் பலன் மாறும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1968இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பெரிய அளவில் ஆராயத் தொடங்கினார்கள். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகக் காத்த ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் கிருமிகளோடு நம் உடம்புகள் முன்பே பழகியிருந்ததைப் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். ஆராய்ந்தது வேறு நோய், வேறு ஊசி. ஆனாலும் வெளியூர்க்காரனுக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று நம்புமுன் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

இனி பொறுமைக்கு வருகிறேன். ஒவ்வாமை ஊசி முதலில் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, குறைந்தது மூன்று வருஷம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் முதல் வருஷத்திலேயே இரவில் நன்றாகத் தூங்கினாள். தேறிவிட்டோம் என்று நிறுத்தினாள். அடுத்த மழைக்கு இழுப்பு திரும்பியது. வலியைப் பொறுப்பவர்கள் நம் ஊரில் அதிகம். சுகம் வந்த பிறகும் சிகிச்சையைப் பொறுப்பவர்கள் குறைவு. கோர்வைச் சேலையில் பாதி கரை பிடித்துவிட்டுத் தறியை விட்டு எழ மனம் வராத வீட்டில் பிறந்த பெண் அவள்!

தகுதி இருந்து, ஊசி போட முடிவெடுத்தால், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்காருங்கள். கடுமையான எதிர்ப்பு வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும். அன்று மூச்சு இழுத்தால் ஊசி போடுமுன்பே சொல்லிவிடுங்கள், மருத்துவர் தள்ளிவைப்பார். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.