சாட்சி ஜே

மழை சற்று விட்டிருக்கிறது. நெய்வேலி மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடைச் சுவரில் இரண்டு கல்லூரிப் பெண்கள் சார்ட் ஒட்டுகிறார்கள். ஈரச் சுவரில் செலோ டேப் நிற்கவில்லை. ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் ஒரு கையில் குடையும் மறு கையால் சார்ட்டின் மூலையுமாக நிற்கிறார். நவம்பர் 25, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாள். சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த சூடான். மேற்கே சிவப்புப் புள்ளி: எல் ஃபஷேர்.

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்க்கிறார்கள். பாலியல் வன்முறை என்ற எழுத்து கண்ணில் பட்டதும் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒருவர் மட்டும் இறங்கி முழுக்கப் படிக்கிறார். 2023 ஏப்ரலில் மூண்ட போர். ஒன்றரை வருட முற்றுகை. 2025 அக்டோபர் 26ல் ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவப் படை ஊரைப் பிடித்தது. மகப்பேறு மருத்துவமனைக்குள் கொலை. தப்பி ஓடிய பெண்கள் வழியிலேயே சீரழிக்கப்பட்டார்கள்.

"ஏன் டீச்சர், நம்ம பக்கம் நடக்காததா? வாச்சாத்தி இல்லியா, சிதம்பரம் பத்மினி இல்லியா? அத விட்டுட்டு ஆப்பிரிக்காவா?"

"விடல தம்பி. இப்படி வாங்க."

இரண்டாவது சார்ட்டில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள். 2011 செப்டம்பர் 29ல் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள். அதற்குப் பக்கத்திலேயே ருவாண்டா, 1994. நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே நவநீதம் பிள்ளை.

டீச்சர் சொல்கிறார்: "டர்பன்ல பஸ் டிரைவரோட பொண்ணு. நம்ம ஜனம். ஊர்க்காரங்க காசு சேத்துப் படிக்க வெச்சாங்க. ருவாண்டா வழக்கு அருஷாவுல, சர்வதேச நீதிமன்றத்துல நடந்துச்சு. மூணு நீதிபதியில இவங்க ஒருத்தர்தான் பொம்பள. டாபா ஊர் மேயர் அகயேசு மேல போட்ட குற்றப்பத்திரிகையில பாலியல் குற்றமே கெடயாது. 1997ல ஒரு தாய் சாட்சிக் கூண்டுல ஏறுறா. வேற எதையோ சொல்ல வந்தவ, ஆறு வயசு மகள மூணு பேர் கெடுத்தாங்கன்னு சொல்லிட்டா. நீதிபதிங்க அதக் கடந்து போகல. மேல மேல கேட்டாங்க. அப்புறம் இன்னொருத்தி சொன்னா. ஜூன் மாசம் குற்றப்பத்திரிகையவே திருத்தினாங்க."

1998 செப்டம்பர் 2. இனப்படுகொலைக்காக சர்வதேச நீதிமன்றம் ஒன்று முதன்முதலாக ஒருவரை, அந்த அகயேசுவை, குற்றவாளி என்று தீர்ப்பளித்த நாள். ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலையே என்று உலகச் சட்டத்தில் முதன்முதலாகப் பதிவானதும் அன்றுதான். பின்னாளில் நவநீதம் பிள்ளை ஐ.நா. மனித உரிமை ஆணையரானதைத்தான் நாம் பெருமையாகப் பேசுகிறோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அருஷாவில் கேட்ட அந்தக் கேள்விகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. கேட்க ஆள் இல்லாதிருந்தால் அந்தக் குழந்தைக்கு நடந்தது எந்த ஏட்டிலும் குற்றமாக ஏறியிருக்காது. வாச்சாத்திப் பெண்களும் தங்களிடம் கேட்க ஆள் வரும்வரை காத்திருந்தவர்கள்தான்.

"அந்த மேயரு தானே செஞ்சானா?"

"தான் தொடல. அவன் ஆபீஸ் வளாகத்துலயே நடந்துச்சு. பாத்துக்கிட்டு நின்னான், ஏத்திவிட்டான். அதுக்கு முன்னால அவன் வாத்தியாரு தம்பி. புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவன்." டீச்சரின் குரல் இந்த இடத்தில் மட்டும் இறங்குகிறது.

"மொதல்ல சாட்சி சொன்ன அந்த அம்மா பேரு?"

"பேர வெளிய விடல. ஜேன்னு ஒரு எழுத்துதான். அவங்க பாதுகாப்புக்கு."

அவர் தலையசைக்கிறார். மறுபடி தூறல். சூடானின் ஓரம் கரையத் தொடங்க, பெண்களில் ஒருத்தி துப்பட்டாவால் ஒற்றுகிறாள்.

"இங்க நிக்காது டீச்சர். எங்க யூனியன் ஆபீஸ்ல உள் சுவரு காலியா கெடக்கு. தெனம் நூறு பேரு வந்து போற எடம். குடுங்க, நான் ஒட்டிடறேன்."

"எது, வாச்சாத்தியா?"

"எல்லாத்தயும் குடுங்க."