சித்திரையில் ஏரி பார்த்தவர்கள்

ஏரியைப் பார்க்க வேண்டிய மாதம் சித்திரை. கார்த்திகையில் கரைமேல் நின்றால் தண்ணீர் தெரியும், ஏரி தெரியாது. நீர் வற்றிய பிறகுதான் உள்வாயின் சரிவும், மதகின் கல்லும், வரத்துக்கால்வாய் வந்து சேரும் இடமும் கண்ணுக்கு வரும். முழுப்பரீட்சை முடிந்ததும் மாமா வீட்டுக்குப் போய்த் தங்கிய கோடைகளில் இதைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும் என்பதால் தறியில் ஒருவர் போதாது. குழியில் அப்பா உட்கார்ந்தால் பக்கத்தில் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். லீவு விட்டால் நெசவாளர் வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். அந்த இடத்தில் என்னை உட்கார வைக்காமல் ஊருக்கு அனுப்பினார்கள். அதனால் வீட்டில் எவ்வளவு கூலி குறைந்திருக்கும் என்பது இப்போதுதான் புரிகிறது.

நெசவாளர் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு மழை பிடிக்காது. விடிகாலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கும்போது தூறல் விழுந்தால் அன்றைய வேலை அதோடு போயிற்று. ஐப்பசி அடைமழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஊறும். தறி நின்றால் கூலி நிற்கும். வானம் கறுத்தாலே பெரியவர்கள் முகம் வாடுவதைப் பார்த்துப் பார்த்து, மழை என்றால் நஷ்டம் என்றே நான் நினைத்திருந்தேன்.

மாமாவின் ஊர் பாலாற்றைத் தாண்டி, உத்திரமேரூர் பக்கம். நான் போகும் நேரத்தில் நவரை அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் ஏறியிருக்கும். கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் சொர்ணவாரிக்கு நாற்று விட்டிருப்பார்கள். மூணு ஃபேஸ் கரண்ட் ராத்திரியில் வரும். மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டு முன்னால் நடக்க, நான் டார்ச் லைட்டோடு பின்னால் ஓடுவேன். அவர் மடை திருப்புவார். கோடியில் நின்று, தண்ணீர் அங்கே வந்து சேர்ந்ததும் குரல் கொடுப்பது என் வேலை. "வந்துடுச்சாடா?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்பார். "இன்னும் இல்ல மாமா" என்று சொல்லும்போது, எனக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பே நெஞ்சை நிமிர்த்தும்.

ஒருநாள் கிணற்றுப் படியில் உட்கார்ந்து, மழையே இல்லாமல் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "இப்ப ஊறுறது போன கார்த்திகையில பெஞ்ச மழைடா. ஏரியில நின்னு, மண்ணுல எறங்கி, இப்பத்தான் நம்மகிட்ட வந்து சேருது" என்றார் மாமா. எங்கள் தெருவில் தறியை நிறுத்திய அதே மழைதான் இங்கே ஆறு மாதம் கழித்து நாற்றங்காலில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் படித்த நீர்ச் சுழற்சிப் படம் எனக்குச் சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது.

மறுநாளிலிருந்து ஏரி எனக்கு வேறாகத் தெரிந்தது. மாடு மேய்க்கவும் பந்து விளையாடவும்தான் அதற்குள் இறங்கியிருந்தேன். இப்போது, உள்வாயில் வெடித்துக் கிடந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றுகிறவர்களைக் கவனித்தேன். அந்த மண் நிலத்துக்கு உரம். அதை எடுத்த இடம் வரப்போகும் மழைக்கு ஆழம். ஏரியின் முக்கியமான வேலை அது காய்ந்திருக்கும்போது நடக்கிறது. கரையில் எலிவளை உண்டா, மதகு அடைத்திருக்கிறதா, கலங்கலில் கல் பெயர்ந்திருக்கிறதா என்று, ஏரி நீரைக் கவனிக்கும் நீர்க்கட்டி நடந்து பார்ப்பதும் அப்போதுதான்.

இந்தக் கவலை மிகப் பழையது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றைக் குடவோலைத் தேர்தலுக்காகவே பேசுகிறோம். 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் வார்டுகளிலிருந்து, ஓலை எடுத்துத் தேர்ந்தவர்களில் 6 பேரை ஏரி வாரியத்துக்கு ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது ஊராட்சியின் அடிப்படை வேலையாக அன்றே இருந்திருக்கிறது.

காஞ்சியின் சாமியும் கோடையில் இந்தத் திசைக்குத்தான் வருகிறார். சித்திரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் செவிலிமேடு வழியாக ஐயங்கார்குளம் வந்து, நடவாவிக் கிணற்றுக்குள் இறங்குகிறார். நீருக்கு அடியில் மண்டபம் உள்ள கிணறு அது. உற்சவத்துக்காகத் தண்ணீரை இறைத்து வழி செய்கிறார்கள். பிறகு பாலாற்று மணலில் ஊறல் உற்சவம். மேலே வெறும் மணல், தோண்டினால் ஊற்று என்பதே பாலாறு. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றபோது, வறண்ட ஆற்றைத் தேடி வந்து மரியாதை செய்கிற ஊர் இது என்ற பெருமிதம் வந்தது. அது இன்றும் குறையவில்லை.

கூத்துக்கும் கோடைதான் காலம். அறுவடை முடிந்து கை ஓய்ந்த நாட்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. மண்ணால் செய்து படுக்கவைத்த அந்தப் பிரம்மாண்டமான துரியோதனனை மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். நிலம் ஓய்வெடுக்கும்போதுதான் ஊர் ஒன்றாக உட்கார்ந்து கதை கேட்கிறது.

இப்போது கோடையில் ஊருக்குப் போகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். நீச்சல் வகுப்பு, நுழைவுத்தேர்வுப் பயிற்சி, கைபேசி என்று விடுமுறை கரைந்துபோகிறது. பல வீடுகளில் போவதற்கு நிலமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வயல்கள் தொழிற்சாலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. வேலை தந்தவை என்பதால் அவற்றை நான் பழிக்கமாட்டேன். ஆனால், கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரியைச் சும்மா கிடக்கிற இடமாகப் பார்க்கும் பழக்கம் என்னை அச்சப்படுத்துகிறது. ஏரிகளையும் வரத்துக்கால்வாய்களையும் அடைத்து வீடு கட்டியதன் விலையை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் புறநகர்கள் கொடுத்தன. 2022இல் பரந்தூரில் விமான நிலையம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, தங்கள் ஏரியும் நஞ்சையும் போய்விடும் என்று அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரம் மக்கள் சொல்லிவருகிறார்கள். ஒரு கோடையாவது ஏரிப் பாசனத்தில் வாழ்ந்தவர்கள், அந்தக் குரலின் நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வரைபடத்தில் ஏரி ஒரு நீல நிறத் திட்டு. அதன்மேல் கோடு போடுகிற அதிகாரியாகவும் மனை வாங்குகிற குடும்பமாகவும் நாளை வரப்போகிறவர்கள் இன்றைய பிள்ளைகள்தான். ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கிராமத்தில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இன்னும் பயிர் வைக்கிறார் என்றால், இந்த மே மாதம் பிள்ளையை அங்கே அனுப்புங்கள். விருந்தாளியாக உட்கார வைக்காமல் ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். நுங்கு தின்னட்டும், கூத்துப் பார்த்துக் கண் விழிக்கட்டும். திரும்புவதற்குள் ஒருநாளாவது யாரேனும் அவர்களை ஏரிக்கரையில் மதகிலிருந்து கலங்கல் வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். அப்படி நடந்த பிள்ளை, வளர்ந்த பிறகு எந்தச் சித்திரையிலும் ஏரியைக் காலி மனை என்று சொல்லாது.