இணையத் தமிழ் வகுப்பு: சில குறிப்புகள்

இணையத்தில் மொழி சொல்லித்தருகிறவர்களின் களைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "கம்ப்யூட்டர் பழகிட்டா சரியாப் போயிடும்" என்கிறார்கள். 2020-இல் எல்லோரும் அவசர அவசரமாக ஜூமுக்குப் போனபோது அது ஓரளவு உண்மை. இன்று மதுரையிலும் கோவையிலும் இருந்துகொண்டு கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியாப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தும் ஆசிரியைகளுக்கு ஜூம் கைவந்த கலை. களைப்பு மட்டும் போகவில்லை. மொழியாசிரியருக்குக் காதும் குரலும்தான் கருவி; இணைய வகுப்பு அந்த இரண்டையும்தான் முடக்குகிறது.

*

ஒருசேரச் சொல்வதை எடுத்துக்கொள்வோம். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆசிரியர் சொல்லப் பிள்ளைகள் கூட்டாகத் திருப்பிச் சொல்லித்தான் எழுத்து மனதில் ஏறியது. கூச்சமுள்ள பிள்ளைகூட நாலு பேர் குரலோடு சேர்ந்து வாயைத் திறக்கும். இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்கிறது. பத்துப் பேர் சேர்ந்து 'அ, ஆ, இ, ஈ' சொன்னால் கேட்பது இரைச்சல்தான். ஆகவே எல்லோரும் மியூட். ஜூமின் இலவசக் கணக்கு அனுமதிக்கும் 40 நிமிடமும் ஆசிரியை தன் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டு பேசுகிறார்.

*

கேள்வி முடிந்ததும் பதில் தொடங்க மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது இது. மதுரையிலிருந்து டொராண்டோவுக்குக் குரல் போய்த் திரும்பவே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. ஆசிரியை ஒரு கணம் பொறுத்துப் பார்த்து, பிள்ளைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். அதே கணத்தில் பதில் வந்து விழுகிறது. 2014-இல் வந்த இன்னோர் ஆய்வு, தாமதம் இணைப்பில் இருந்தாலும் நாம் எதிரில் இருப்பவரைத்தான் கவனமில்லாதவர் என்று எடைபோடுகிறோம் என்று காட்டியது. பாவம், அந்தப் பிள்ளை!

*

வாழையா, வாளையா? லகரத்துக்கு நாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு உள்ளே மடிந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அண்ணத்தை நெருங்கி, ஒட்டாமல் காற்றுக்கு வழிவிடும். நேரில் என்றால் பக்கத்தில் உட்காரவைத்து, "வாயைத் திற, நாக்கு எங்கே இருக்குன்னு காட்டு" என்று திருத்திவிடலாம். திரையில் முகமே தீப்பெட்டி அளவுதான். குரலோ அமுங்கி, இரைச்சல் நீக்கப்பட்டு வருகிறது. ஆசிரியை ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு கண்ணா" என்கிறார். மூன்றாம் தடவை பிள்ளைக்கு அழுகை வந்துவிடும்.

ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு வசதி உண்டு. இரைச்சல் நீக்காமல் குரலை உள்ளபடி அனுப்பும். பாட்டு வாத்தியார்கள் பயன்படுத்துவது. அமைதியான அறையாக இருந்தால் உச்சரிப்புப் பயிற்சிக்கும் நல்லது.

*

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ களைப்புக்கு நான்கு காரணங்கள் சொன்னார். அவற்றில் ஒன்று, தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அதை மறைக்க ஒரு பொத்தான் போதும். காதும் குரலும் படும் பாடு அவ்வளவு எளிதில் தீராது.

*

வகுப்பு முடிந்த பிறகுதான் பாதி வேலை. நோட்டை ஒரு பார்வையில் திருத்திவிடலாம். வாய்ஸ் நோட்டை முழுக்கக் கேட்டுத்தான் ஆகவேண்டும். 12 பிள்ளைகள் ஆளுக்கு 3 நிமிடம் வாசித்து அனுப்பினால் 36 நிமிடம். சாய்ந்தும் இருட்டாகவும் வரும் வீட்டுப்பாடப் படங்கள் தனி. பயிற்சித்தாள்களும் வேலை வைக்கின்றன. கணினித் தமிழுக்கு யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-இல். ஆனால் பழைய தாள்கள் பல இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். உட்கார்ந்து மாற்றவேண்டும்.

மார்ச் வந்தால் கடிகாரக் குழப்பம் வேறு. கனடாவின் பெரும்பகுதி கோடைக்கால நேரத்துக்கு இரண்டாம் ஞாயிறு மாறுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் "டீச்சர், இன்னைக்கு எத்தனை மணிக்கு?" என்று பின்னிரவிலும் வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கும்.

*

இந்த வகுப்புகளை நடத்துகிறவர்களுக்கும் பெற்றோருக்கும்: ஒரு வகுப்புக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். பிள்ளைக்கு நல்ல மைக் உள்ள ஹெட்போன் வாங்கிக்கொடுங்கள். ஆசிரியை தூங்கும் நேரத்தில் செய்தி அனுப்பாதீர்கள். திருத்தவும் வாய்ஸ் நோட் கேட்கவும் அவர் செலவிடும் நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.