மணிக்கு எவ்வளவு?

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, மயிலாப்பூர்

சிட்னியிலிருந்து அண்ணன் மகன் பேசினான். அங்கே கிளப்புகளில் கீனோ என்ற எண் ஆட்டத்தின் திரை ஓடிக்கொண்டே இருக்குமாம். ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஓர் ஆட்டம். 80 எண்களில் 20 விழும். "ஒரு டாலர்தானே சித்தப்பா!" என்றான்.

போனை வைத்ததும் கணக்குப் போட்டேன். ஒரே எண்ணில் கட்டினால் அது விழ நாலில் ஒரு வாய்ப்பு. விழுந்தால் கைக்கு வருவது மூன்று டாலர். அப்படியானால் கட்டும் ஒவ்வொரு டாலரிலும் சராசரியாகக் கால் டாலர் போய்விடுகிறது. மணிக்கு 20 ஆட்டம், ஐந்து டாலர். பத்து எண் கட்டிப் பத்தும் விழுவது சுமார் 89 லட்சத்தில் ஒன்று என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்த மூன்று நிமிடம்தான் உறுத்துகிறது. இதே ஆட்டம் செல்போனில் பத்து விநாடிக்கு ஒன்று என்று ஓடினால் மணிக்கு 90 டாலர். பந்தயமும் அதே, வாய்ப்பும் அதே.

19 ஆகஸ்ட், செவ்வாய்

நாகேஸ்வர ராவ் பூங்காவில் பழைய லாட்டரிப் பேச்சு. 1968-ல் அண்ணா ஆட்சியில் அரசே தொடங்கியது. சீட்டு வாங்கினால் குலுக்கல் நாள்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே ஒரு காவல். ஒற்றை எண் லாட்டரி வந்தபிறகு அன்றாடக் கூலி அன்றைக்கே கரைந்தது. 1998-ன் மத்தியச் சட்டம் ஒற்றை எண் பரிசைத் தடுத்தது, ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றது. வேகத்தில் கைவைத்த சட்டம் அது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியையே ஒழித்தது.

20 ஆகஸ்ட், புதன்

தி. நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பையன், என் பழைய மாணவன், வந்திருந்தான். ராத்திரியில் செல்போனில் ரம்மி. "திறமை ஆட்டம் சார்" என்றான். இருக்கட்டும், ஆறு பேர் நூறு நூறு கட்டி, நடத்துபவர் பத்து சதவீதம் எடுத்தால் தலைக்குப் பத்து ரூபாய். ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் மணிக்கு 120. யார் ஜெயித்தாலும் மேஜையிலிருந்து இது போயே தீரும். ராத்திரிக்கு மூன்று மணி நேரம், மாதம் 25 ராத்திரி என்று அவனே பெருக்கினான்: 9,000. முகம் மாறிவிட்டது. வீட்டு வாடகையைவிட அதிகம் என்றான்.

நள்ளிரவு முதல் காலை ஐந்துவரை ஆன்லைன் பண ஆட்டம் கூடாது என்ற தமிழக விதியை ஜூனில் உயர் நீதிமன்றம் ஏற்றது நியாயமென்று இப்போது இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது. தூக்கம் கெட்டவனுக்கு மணிக்கணக்கு தெரியாது.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஆன்லைன் பண விளையாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. மனமார வரவேற்கிறேன். ஆனாலும் வெளிநாட்டு ஆப்கள் வேறு பெயரில் வரும். சட்டம் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டும்; நாமோ நிகழ்தகவுப் பாடத்தைக் காசு சுண்டுவதோடு நிறுத்துகிறோம். திங்கட்கிழமை அடையாறு டியூஷனில் பந்தயத் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், நடத்துபவர் பங்கு மூன்றையும் பெருக்கச் சொல்லப்போகிறேன். கீனோவில் தொடங்கி ரம்மிவரை.