கழிக்கரை அடுப்பு

வெட்டவெளியில் நெருப்பு மூட்டி, கூடியிருந்து சுட்டுத் தின்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்த பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இன்று பலர். 'பார்பிகியூ' என்ற சொல் ஊருக்குள் வந்துவிட்டது. அதற்கென இரும்புச் சட்டகமும் பையில் அடைத்த கரியும் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆனால், அந்தச் சொல்லைச் சற்றே கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது செல்வர் வீட்டுப் புல்தரை அன்று. கரிபியன் தீவுகளின் தைனோ மக்கள், மீனையும் இறைச்சியையும் தீக்கு மேலே வைப்பதற்காகக் கட்டிய மரச் சட்டத்தின் பெயரே அது. ஸ்பானியர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டனர். அதற்கு உரிய மக்களையோ சுரங்கங்களில் வதைத்தும், தாம் கொண்டுவந்த நோய்களுக்கு இரையாக்கியும் சில பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ அழித்துவிட்டனர். சமைத்தவர் மறைந்தார், சமையலின் பெயர் மட்டும் விருந்தில் தங்கிவிட்டது.

நமக்கும் இது புதியதன்று. சிறுபாணாற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்: அலை கொண்டுவந்து ஒதுக்கிய மரத்தை விறகாக்கித் தீ மூட்டும் எயிற்பட்டினத்து நெய்தல் மக்கள், வழிநடந்து வரும் வறிய பாணர்களுக்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் கொடுக்கின்றனர். அரசன் பரிசில் தருவதற்கு முன்னரே உழைப்பாளி உணவு தந்துவிடுகிறான். அந்தப் பாட்டில் என் நெஞ்சைத் தொடுவது இந்த இடமே.

அமிர்தகழி என்னும் எங்கள் ஊரின் பெயரிலேயே 'கழி' இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் கூடும் பெருங்கூட்டத்தால் இவ்வூரை வெளியார் அறிவர். ஆனால், ஆண்டு முழுவதும் ஊரை வாழவைப்பது மட்டக்களப்பு வாவி. வைகாசி தொடங்கி ஆவணி வரை மழை பொய்க்கும், மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும், கிணறுகள் தாழும், வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்துக்கொள்ளும். பகலில் வெந்த அடுக்களைக்குள் அந்தியில் நிற்பதற்கு யாருக்கும் மனம் வராது. அந்நாட்களில் அடுப்பு தானாகவே வெளியே வந்துவிடும். பருவம்தான் எங்களைக் கரைக்கு அழைத்தது, நாகரிகம் அழைக்கவில்லை.

கரையில் சுடுவதற்கு அதிகம் வேண்டியதில்லை. தென்னம் பாளையும் பன்னாடையும் தீயை எழுப்பும். சிரட்டை எரிந்து கனலாக நிற்கும். பச்சைக் கண்டல் மரத்தை வெட்டி எரிப்பவன், மீன்குஞ்சுகள் வளரும் தொட்டிலையே எரிக்கிறான். அதை மட்டும் செய்யலாகாது. சுவாலை அடங்கிக் கனலின்மேல் மெல்லிய சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். சுவாலையில் இட்ட மீன் வெளியே கருகும், உள்ளே வேகாது. மணலை மீனின் குடலை நீக்கி, செதிளை நீக்காமல் உப்பும் மஞ்சளும் வயிற்றுக்குள் தடவிச் சுட்டால், செதிளே மூடியாக நின்று ஈரத்தைக் காக்கும். வெந்தபின் தோலோடு உரிந்து வரும். இறாலை ஈர்க்கிலே கோத்து இருபுறமும் சிவக்கும்வரை காட்டினால் போதும். மரவள்ளிக் கிழங்கைத் தோலுடன் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு மறந்துவிடலாம், வாசனையே அழைக்கும். தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய்ச் சாறு சேர்த்து இடித்த சம்பல் ஒன்று. முடிவில் சட்டியோடு எருமைத் தயிர். இவ்வளவுதான் விருந்து.

இவ்விருந்தின் இரண்டு வகைகளை நான் கண்டிருக்கிறேன். சிறுவனாக இருந்தபோது, நிலபுலம் மிக்க ஒரு போடியார் வீட்டார் வாவிக்கரையில் வைத்த விருந்துக்குத் தந்தையாருடன் சென்றேன். மீனைப் பிடித்தவரே அதைச் சுடவும் அமர்த்தப்பட்டிருந்தார். கனல் முகத்தில் அடிக்க, ஒவ்வொரு மீனாகப் புரட்டி எடுத்து இலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு இலை போடப்படவில்லை. "நீங்களும் வாங்க" என்று அறியாமல் அழைத்தேன். "நீங்க தின்னுங்க தம்பி, நமக்குப் பிறகு பாப்பம்" என்றார். எல்லோரும் கைகழுவிய பின்னர், ஒரு தென்னையின் பின்னே நின்றபடி, மிஞ்சியதை அவர் தின்றதைப் பார்த்தேன். திறந்த வெளியிலும் சாதி சுவர் எழுப்பிக்கொள்ளும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தச் சுவருக்குக் கல்லும் வேண்டியதில்லை, சுண்ணாம்பும் வேண்டியதில்லை.

மற்ற வகையை 2022 இல் கண்டேன். நாடெங்கும் எரிவாயு அற்றுப்போன அந்த மாதங்களில், எங்கள் ஒழுங்கையில் சில வீடுகள் சேர்ந்து முற்றத்தில் ஒரே அடுப்பு மூட்டின. ஒரு வீட்டில் விறகு. ஒரு வீட்டில் மரவள்ளி. ஒரு வீட்டில் அன்றைய வலையில் விழுந்த மீன். விருந்தென்று அதை எவரும் சொல்லவில்லை. பசி என்றே சொன்னார்கள். ஆயினும் யார் எந்தச் சாதி என்று அந்த அடுப்பு கேட்கவில்லை. எரிவாயு வந்ததும் அவரவர் தத்தம் அடுக்களைக்குத் திரும்பிவிட்டனர். இல்லாமை கற்றுத் தந்ததை ஏன் வசதி மறக்கடிக்க வேண்டும்?

ஏழ்மையைப் போற்றுவதற்காக இதை எழுதவில்லை. விறகடுப்பை அழகென்று பாடுவோர், நாள்தோறும் அதன்முன் இருமிக்கொண்டு குந்தியிருக்கும் பெண்ணிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020 ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஒருவருக்கு உல்லாசமான நெருப்பு மற்றொருவருக்கு விதியாக இருக்கக்கூடாது. போர் 2009 இல் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. இத்தகைய விடுதிகளில் மாலை வேளைகளில் மீன் சுடப்படுகிறது. உண்பவர் அமர்ந்திருக்கிறார், சுடுபவர் நிற்கிறார். போடியாரின் விருந்து விலைப்பட்டியலோடு திரும்பி வந்திருக்கிறது. உழைப்புக்குக் கூலி கிடைப்பது முன்னேற்றமே. ஆனால், அதைத் தோழமை என்று பெயரிட்டு அழைக்கலாகாது.

ஆகவே, விடுமுறையில் மாணவரோடு கரையில் கூடும்போது நாங்கள் மூன்று வழக்கங்களைக் கைக்கொண்டிருக்கிறோம். மீனுக்குப் பேரம் பேசுவதில்லை. பிடித்தவர் கேட்ட விலை கொடுத்து, அவரையும் இருக்கச் சொல்லுகிறோம். பெண்கள் அன்று அடுப்பைத் தொடுவதில்லை. ஆடவரும் பையன்களும் மீன் கழுவி, சம்பல் இடித்து, பாத்திரமும் துலக்குகிறோம். கனலின் முன் நிற்பவன் அரைமணிக்கு ஒருமுறை மாறுகிறான். எல்லோர் இலையிலும் மீன் விழுந்த பிறகே முதற்கை வாய்க்குப் போகிறது.

இவை சிறிய வழக்கங்களே. இவற்றால் உலகம் தலைகீழாக மாறிவிடாது. ஆனால், சமத்துவத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்த பையன் அதன் சுவையை அறியமாட்டான். தன் கை சுட்ட மீனை, தன் வீட்டார் ஒதுக்கி வைத்த வீட்டுப் பையனின் இலையில் இட்டு, அவனுக்கு அருகிலேயே அமர்ந்து தின்றவன், மறுநாள் தன் வீட்டில் சில கேள்விகளைக் கேட்பான். அந்தக் கேள்விகளுக்காகவே ஒவ்வொரு கச்சான் காலத்திலும் நாம் கரையில் தீ மூட்ட வேண்டும்.